ஃபைண்டரை ஆட்டோகைடர் ஆக்குவது: செட்டிநாட்டு முற்றத்துக்கு ஏற்ற வழிகாட்டி

தொலைநோக்கியின் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னக் குழாய்க்கு ஃபைண்டர் என்று பெயர். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டே தானாக நட்சத்திரத்தைத் தேடிப் போய் நிற்கும் காலத்தில் அதற்கு வேலை இல்லை. பல வீடுகளில் மூடிகூடக் கழற்றாமல் கிடக்கிறது. அந்தக் குழாயில் கண் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கேமராவைப் பொருத்திவிட்டால் அது ஆட்டோகைடர் ஆகிவிடும். பிறகு 3 நிமிடம், 5 நிமிடம் என்று ஷட்டரைத் திறந்துவைத்தாலும் நட்சத்திரம் கோடாக இழுபடாமல் புள்ளியாகவே விழும். இதற்கென்றே விற்கும் கைடுஸ்கோப் என்ற தனிக் குழாயை வாங்கும் காசும் மிச்சம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இருந்துகொண்டு புதிதாக வானப் படம் எடுக்க இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மோட்டார் உள்ள ஒரு ஈக்வடோரியல் மவுண்ட் (வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து திரும்பும் வகை), ஒரு டிஎஸ்எல்ஆர், ஒரு லேப்டாப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த விஷயத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் வடக்கே 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்கள் தங்கள் வானத்துக்காக எழுதியவை. நாம் இருப்பது 10 டிகிரியில். அதனால் நமக்குச் சில தொல்லைகள் உண்டு, ஒரு பெரிய வசதியும் உண்டு. கேமராவும் மென்பொருளும் ஒரு சாயங்காலத்தில் பழகிவிடும். ஃபைண்டரை அசையவிடாமல் பிடித்துவைப்பதுதான் உண்மையான வேலை. உங்கள் நேரத்தில் முக்கால் பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

எதைத் திருத்தப் போகிறோம்

வானம் விநாடிக்கு 15 ஆர்க் விநாடி வீதம் மேற்கே நகர்கிறது. ஒரு டிகிரியை 3,600 பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஆர்க் விநாடி. மவுண்டும் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். திரும்புகிறது, ஆனால் சீராக இல்லை. உள்ளே இருக்கும் வார்ம் கியர் என்ற திருகு வடிவப் பல்லிணை ஒரு சுற்றுச் சுற்றி வர எச்இக்யூ5 மவுண்டில் 638 விநாடி, இக்யூ6-இல் 479 விநாடி ஆகிறது. அந்த ஒரு சுற்றுக்குள் மவுண்ட் சற்று முந்தும், பிறகு சற்றுப் பிந்தும். நடுத்தர விலை மவுண்ட்களில் இந்த ஆட்டம் 10 முதல் 40 ஆர்க் விநாடி வரை இருப்பது சாதாரணம். 400 மி.மீ. லென்ஸோடு 4.3 மைக்ரான் பிக்சல் உள்ள டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால் ஒரு பிக்சல் 2.2 ஆர்க் விநாடி. 20 ஆர்க் விநாடி ஆட்டம் என்றால் நட்சத்திரம் 9 பிக்சல் நீளத்துக்கு இழுபட்டுப்போகும்.

கைடர் செய்வது இதுதான்: இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒரு நட்சத்திரத்தைப் படமெடுத்து, அதன் மையம் எவ்வளவு விலகியது என்று பார்த்து, மவுண்டுக்கு ஒரு சின்ன உத்தரவு அனுப்பும். கைடு வேகம் வான வேகத்தில் பாதி என்று வைத்தால், 100 மில்லிவிநாடித் தட்டு ஒன்று மவுண்டை 0.75 ஆர்க் விநாடி நகர்த்தும். அவ்வளவு நுணுக்கமான வேலை.

இதற்கு இவ்வளவு சின்னக் குழாய் போதுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். கணக்கு எளிது: பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 9×50 ஃபைண்டரின் (9 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. வில்லை) குவியத்தூரம் சுமார் 180 மி.மீ. கைடு கேமராவின் பிக்சல் 3.75 மைக்ரான் என்றால் ஒரு பிக்சலுக்கு 4.3 ஆர்க் விநாடி வருகிறது. கேட்க முரடாகத்தான் இருக்கிறது. ஆனால் நட்சத்திரத்தின் ஒளி பல பிக்சல்களில் பரவி விழுவதால், அதன் மையத்தைப் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மென்பொருளால் கணிக்க முடியும். அதாவது அரை ஆர்க் விநாடிக்கும் கீழே. குவியத்தூரம் 600 மி.மீ. வரை உள்ள தொலைநோக்கிக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். 1,000 மி.மீ. வரை கவனமாக இருந்தால் சமாளிக்கலாம். 8 அங்குல ஷ்மிட்-கேஸகிரெய்ன் போல 2,000 மி.மீ. கிட்ட இருப்பதற்கு இது வேண்டாம். அதற்கு, பெரிய குழாயின் ஒளியிலேயே கொஞ்சத்தைக் கைடு கேமராவுக்குத் திருப்பிவிடும் ஆஃப்-ஆக்ஸிஸ் கைடர்தான் சரி. 6×30 ஃபைண்டர் மட்டும் கையில் இருந்தால் 200 மி.மீ. கேமரா லென்ஸோடு ஓட்டிக்கொள்ளுங்கள்.

கேமரா

கறுப்பு-வெள்ளை சென்சார் உள்ளதாக வாங்குங்கள். வண்ண சென்சாரும் வேலை செய்யும், ஒளி கொஞ்சம் வீணாகும். ஏஎஸ்ஐ120எம்எம் மினி, க்யூஎச்ஒய்5எல்-II என்ற இரண்டும் 1,280×960 பிக்சல் கொண்டவை, இரண்டிலும் பிக்சல் 3.75 மைக்ரான்தான். பழையது கிடைத்தாலும் பாதகமில்லை. 9×50 ஃபைண்டரில் இவை ஏறத்தாழ 1.5 டிகிரிக்கு 1.1 டிகிரி வானத்தைக் காட்டும். மூன்று முழுநிலவுகளை வரிசையாக அடுக்கும் அகலம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதாவதொரு நட்சத்திரம் அதில் இருக்கும், கைடு நட்சத்திரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரிய கைடுஸ்கோப்பைவிட ஃபைண்டர் இந்த ஒரு விஷயத்தில் உசத்தி.

சாதாரண வெப்கேமராவைப் பிரித்து மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம். ஒரு விநாடிக்கு மேல் எக்ஸ்போஷர் தர அவற்றில் பலவற்றால் முடியாது என்பதால், பிரகாசமான நட்சத்திரம் கண்ணில் பட்டால்தான் கைடிங். அந்த வம்பு வேண்டாம் என்பது என் கட்சி.

கழற்றுவதும் அளப்பதும்

நேர்க்குழாய் ஃபைண்டராக இருந்தால் கண்வில்லை மரையில் திருகிக் கழன்றுவரும். குறுக்குக் கம்பி அதனுடனே வந்துவிடும். அந்தக் கம்பி இருந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிம்பம் கூர்மையாக விழும் தளம் அதுதான், கேமராவின் சென்சாரும் அங்கேதான் உட்கார வேண்டும்.

செங்கோணத்தில் வளைந்த ஃபைண்டர் என்றால் நடுவில் ஒரு பட்டகம் இருக்கும். ஒளி அதற்குள் போய்த் திரும்பிவருவதால் அளவுகள் மாறும், தவிர ஆடக்கூடிய இணைப்பு ஒன்று கூடுகிறது. பட்டகப் பகுதி மொத்தமாகக் கழன்றுவரும் வகை என்றால் எடுத்துவிட்டு, அதே நீளத்துக்கு ஒரு நேர்க்குழாய் போட்டுக்கொள்ளுங்கள். கழலாத வகையோடு மல்லுக்கட்டுவதைவிட யாரிடமாவது பழைய நேர்க்குழாய் ஃபைண்டரை மாற்றி வாங்குவது மேல்.

அடுத்து அளவு. கண்வில்லை இல்லாத ஃபைண்டரை இரவில் நிலவை நோக்கிப் பிடியுங்கள். பின்பக்கத்தில் ஒரு டிரேசிங் பேப்பரை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் நிலவு சின்ன வட்டமாகக் கூர்மையாக விழும். குழாயின் பின்விளிம்பிலிருந்து அந்தத் தாள்வரை உள்ள தூரத்தை அளந்து எழுதிவையுங்கள். சூரியனை வைத்து இதைச் செய்யவே கூடாது, 50 மி.மீ. வில்லை தாளைப் பொசுக்கிவிடும், கண் வைத்தால் கண் போகும். பகலில் ஃபைண்டர் மூடியோடு இருப்பது நல்லது, அதுவும் வீட்டில் பிள்ளைகள் இருந்தால்.

அந்தத் தூரத்திலிருந்து, கேமராவின் முன்விளிம்புக்கும் சென்சாருக்கும் இடையில் உள்ள ஆழத்தைக் கழித்துவிட்டால் அடாப்டரின் நீளம் வந்துவிடும். சி-மவுண்ட் (லென்ஸ் மாட்டும் மரையின் ஒரு வகை) கேமராவில் இந்த ஆழம் 17.5 மி.மீ., சிஎஸ்-மவுண்டில் 12.5 மி.மீ. மற்றவற்றுக்கு கேமராவோடு வரும் தாளில் வரைபடம் போட்டிருப்பார்கள். விடை எதிர்மறையாக வந்தால் கேமரா குழாய்க்குள்ளேயே நுழைய வேண்டும் என்று அர்த்தம். மினி வகைக் கேமராக்கள் 1.25 அங்குல, அதாவது 31.7 மி.மீ. உருளையாக இருப்பது இங்கேதான் உதவுகிறது.

அடாப்டர்

பரவலாக விற்கும் 9×50 ஃபைண்டர்களுக்கு ஆயத்த அடாப்டரே கிடைக்கிறது. ஒருபக்கம் ஃபைண்டரின் மரை, மறுபக்கம் 1.25 அங்குலத் துளை அல்லது எம்42 மரை. உங்கள் ஃபைண்டருக்குப் பொருந்துவது கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

பட்டறைக்கு ஃபைண்டரையும் கேமராவையும் கையோடு கொண்டுபோங்கள். காகிதத்தில் எழுதிய அளவை நம்பி மரை போடச் சொல்லக் கூடாது. “அண்ணே, இதுல முறுக்கணும், இந்தப் பக்கம் இது வழுக்கிக்கிட்டு உள்ள போகணும், ஆட்டம் இருக்கக் கூடாது” என்று பொருளைக் காட்டிச் சொன்னால் போதும். டிராக்டர் பாகம் கடையும் கைக்கு இது பெரிய வேலையில்லை. அலுமினியத்தில் செய்யச் சொல்லுங்கள். கேமரா நுழையும் துளை 31.8 மி.மீ. கேமராவை இறுக்க 120 டிகிரி இடைவெளியில் மூன்று திருகுகள். ஒரே திருகு வைத்தால் கேமரா ஒருபக்கமாகச் சாயும். கேமராவில் மரை இருந்தால் திருகே வேண்டாம், மரைக்கு மரை முறுக்குவதுதான் உத்தமம். உள்பக்கம் மினுமினுக்காமல் கறுப்பு மேட் பெயின்ட் அடிக்க வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே பட்டுத் தெறித்தால் கைடு படம் வெளுத்துப்போகும்.

பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் செய்தும் போடுகிறார்கள். குளிர்ந்த ஊரில் சரி. நம் ஊர் வெயிலில் பகல் முழுக்கக் காருக்குள் கிடந்த பிஎல்ஏ பிளாஸ்டிக் நெளிந்துபோகும். பிரின்ட்தான் வழி என்றால் ஏபிஎஸ் அல்லது பெட்ஜியில் போடச் சொல்லுங்கள்.

பிடிமானம்

ஃபைண்டரோடு வரும் தாங்கியைப் பாருங்கள். முன்பக்கம் ஒரு ரப்பர் ஓ-ரிங். பின்பக்கம் இரண்டு திருகுகள், அவற்றுக்கு எதிரே ஸ்பிரிங் வைத்த ஒரு முளை. கண்ணால் பார்க்க வசதியாகத் திருப்பிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. கைடிங்குக்கு இதைவிட மோசமானது கிடையாது.

ஏன் என்பதற்குக் கணக்கே சாட்சி. இரண்டு பிடிகளுக்கும் இடையில் 100 மி.மீ. தூரம் என்றால், ஒரு முனை ஒரே ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நகர்ந்தால் ஃபைண்டர் பார்க்கும் திசை 2 ஆர்க் விநாடி மாறிவிடும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த அளவுக்கு ஸ்பிரிங் அமுங்கினால் 140 ஆர்க் விநாடிக்கு மேல். தொலைநோக்கி கிழக்கிலிருந்து மேற்கே திரும்பத் திரும்ப கேமராவின் எடை வேறு பக்கம் சாய்கிறது, ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்குகிறது. கைடர் தன் நட்சத்திரத்தை அப்பழுக்கில்லாமல் பிடித்திருக்கும், ஆனால் பெரிய குழாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். திரையில் வரைபடம் அழகாக இருக்க, படத்தில் நட்சத்திரம் முட்டை வடிவத்தில் வருவது இதனால்தான்.

சரிசெய்யும் வழி: ரப்பரையும் ஸ்பிரிங்கையும் தூக்கிப்போடுங்கள். ஆளுக்கு மூன்று திருகு வைத்த இரண்டு வளையங்கள் வாங்குங்கள், அல்லது அதே பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். திருகு முனையில் நைலான் இருந்தால் குழாயில் கீறல் விழாது. வளையங்களை எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, 100 மி.மீ. இடைவெளியை 150 ஆக்கினால் அதே அசைவு தரும் பிழை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கைடு கேமராவும் படக் கேமராவும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு டிகிரி விலகியிருந்தாலும் போகட்டும், நேராக்குகிறேன் என்று திருகைத் தளர்த்தாதீர்கள்.

அடுத்த பலவீனம் வளையங்களின் காலடி. ஃபைண்டரைச் செருகும் ஷூ என்ற பிடி சில தொலைநோக்கிகளில் மெல்லிய தகட்டில் இரண்டு திருகுகளால் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கும். முடிந்தால் ஷூவைத் தவிர்த்து, தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் பெரிய வளையங்களின் மேல் ஒரு அலுமினியப் பட்டை போட்டு அதில் ஃபைண்டரைக் கட்டுங்கள். முன்வில்லை திருகும் மரையிலும் ஆட்டம் இருக்கும்; ஃபோகஸ் முடிந்ததும் பூட்டு வளையத்தை மறக்காமல் இறுக்க வேண்டும்.

யுஎஸ்பி கேபிள் தொங்கக் கூடாது. காற்றில் ஆடும், குழாய் திரும்பும்போது எங்காவது மாட்டி இழுக்கும். கேமராவிலிருந்து வந்ததும் ஒரு சின்ன வளைவு விட்டு, குழாயோடு வெல்க்ரோவால் கட்டி, மவுண்டின் தலைப்பகுதி வழியாக இறக்குங்கள். நீளம் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

ஃபோகஸ்

பெரும்பாலான ஃபைண்டர்களில் முன்வில்லைக் கூட்டைத் திருகித்தான் ஃபோகஸ். பின்னால் இருக்கும் பூட்டு வளையத்தைத் தளர்த்தி, கூட்டைத் திருகினால் வில்லை முன்னும் பின்னும் போகும்.

முதல் முறை மாலை மயங்கும் நேரத்தில் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் கைடு கேமரா வெள்ளையாகத்தான் தெரியும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்போன் கோபுரமோ கோயில் கலசமோ போதும். அந்தத் தூரத்துப் பொருளுக்கும் நட்சத்திரத்துக்கும் குவியும் இடத்தில் வித்தியாசம் 0.03 மி.மீ. மட்டுமே. மீதியை இரவில் ஒரு நட்சத்திரத்தில் சரிசெய்துகொள்ளலாம். ஃபைண்டரின் வில்லை எளிய வகை, எஃப்/3.6 வேகம், நட்சத்திரம் ஊசிமுனையாக வராது, சுற்றிலும் மங்கலான வளையம் இருக்கும். கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது மையம், அழகு அல்ல.

எங்கே நிறுத்துவது

கண்மாய்க் கரையும் பொட்டலும் இருட்டாக இருக்கும், அடிவானம் வரை திறந்திருக்கும். ஆனால் மின்சாரம், பாதுகாப்பு, கொசு என்று தனிக் கவலைகள். பழகும் காலத்தில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பழைய செட்டிநாட்டு வீடு உங்கள் வசம் இருந்தால் மாடிக்குப் போகாதீர்கள், முற்றத்தில் இறங்குங்கள்.

மாடியில் இரண்டு சங்கடம். மரவிட்டத்தின் மேல் சுண்ணாம்புத் தளம் போட்ட மச்சில் நீங்கள் எட்டு வைத்தால் மவுண்ட் அசையும். கான்கிரீட் மாடி என்றால் பகலில் குடித்த சூட்டை நள்ளிரவு வரை கக்கும், நட்சத்திரம் கொதிக்கும். முற்றத்துத் தரை நேராக மண்ணின் மேல் இருக்கிறது. சுற்றுச் சுவரும் தாழ்வாரக் கூரையும் தெருவிளக்கையும் காற்றையும் தடுத்துவிடுகின்றன. தலைக்கு மேல் ஒரு சதுர வானம்தானே தெரியும் என்பீர்கள். 20 அடி அகல முற்றம், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 15 அடி உயரக் கூரை விளிம்பு என்று வைத்தாலும், உச்சியைச் சுற்றி 30 டிகிரிக்கு மேல் திறந்திருக்கும். தை, மாசியில் ஓரியன் நெபுலா நம் ஊரில் 74 டிகிரி உயரத்துக்கு ஏறுவதால், அந்தச் சதுரத்துக்குள்ளேயே 4 மணி நேரம் வரை கிடைக்கும். 50 டிகிரி வடக்கே இருப்பவருக்கு அது 35 டிகிரியைத் தாண்டாது. நான் சொன்ன வசதி இதுதான்.

முற்றத்துக் கல்தளத்தில் டிரைபாட் கால் நன்றாக நிற்கும். பக்கத்துத் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அங்கே வேண்டாம். மழமழவென்று இருக்கும், இரும்பு முனை வழுக்கும், கல்லும் கீறிப்போகும். வேறிடம் இல்லையென்றால் காலடியில் ரப்பர் துண்டு வையுங்கள்.

துருவச் சீரமைப்பு

மவுண்டின் அச்சு வானத் துருவத்தை நோக்க வேண்டும். நமக்கு அது வடக்கே 10 டிகிரி உயரத்தில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அதிலிருந்து அரை டிகிரிக்குச் சற்று மேல் தள்ளியிருக்கிறது. 10 டிகிரி உயரத்தில் தூசியும் தென்னை மரமும் எதிர்வீட்டு முகப்பும்தான் பெரும்பாலும் தெரியும். தெரிந்தாலும் காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் அது சுமார் 5 ஆர்க் நிமிடம் உயரமாகத் தெரியும். முற்றத்தில் கேட்கவே வேண்டாம், சுவர்தான்.

ஆகவே துருவ நட்சத்திரத்தை நம்பாத முறைகளைப் பழகுங்கள். நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று இடங்களில் படம் எடுத்து, நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் துணைக்கருவி இருக்கிறது. வானத்தின் எந்தத் துண்டு தெரிந்தாலும் அதற்குப் போதும். விண்டோஸ் லேப்டாப்பும் கணினியோடு இணைந்த மவுண்டும் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அது இல்லாதவர்களுக்கு டிரிஃப்ட் முறை. கைடிங் மென்பொருளிலேயே அதற்கு ஒரு கருவி உண்டு. உச்சி அருகே ஒரு நட்சத்திரத்தை வைத்து கிழக்கு-மேற்குத் திருப்பத்தையும், கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வான ஒன்றை வைத்து உயரத்தையும் சரிசெய்வது. நேரம் பிடிக்கும். 5 ஆர்க் நிமிடத்துக்குள் வந்தால் போதும், மீதியைக் கைடர் பார்த்துக்கொள்ளும்.

இங்கே ஒரு இடைஞ்சல். அச்சு ஏறத்தாழக் கிடைமட்டமாகப் படுத்துவிடுவதால் எதிர் எடைக் கம்பி நேர் கீழே தொங்கும். வடக்கே ஒரு டிரைபாட் கால் இருந்தால் அதில் இடிக்கும். கால்களின் திசையை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், அல்லது எடையை மேலே ஏற்றிக் கட்டுங்கள். உயரத் திருகு 10 டிகிரி வரை இறங்குகிறதா என்பதை மவுண்ட் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

மென்பொருள்

பி.எச்.டி.2 என்ற இலவச மென்பொருளே உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. கேமரா டிரைவர், கருவிகளையும் மென்பொருளையும் இணைக்கும் ஆஸ்கம், மவுண்ட் டிரைவர் ஆகியவற்றை நிறுவிவிட்டு இதைத் திறந்தால் புது ப்ரொஃபைல் கேட்கும். குவியத்தூரம் 180, பிக்சல் 3.75 என்று கொடுங்கள். இதில் தவறான எண் கொடுத்தால் பின்னால் வரும் அளவுகள் எல்லாம் பொய்யாகும்.

மவுண்டுக்கு உத்தரவு போக இரண்டு வழி உண்டு. கேமராவிலிருந்து எஸ்டி-4 கேபிள் ஒன்று, கணினியிலிருந்து மவுண்டுக்கே நேராகப் போகும் பல்ஸ் கைடிங் இன்னொன்று. மவுண்ட் கணினியோடு பேசுமானால் இரண்டாவதையே எடுங்கள். தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரியும், இடம் மாறினாலும் மறுபடி கேலிபரேட் செய்ய வேண்டியிராது. எஸ்டி-4 தான் வழி என்றால் மவுண்டுக்கு உரிய கேபிளாகப் பாருங்கள், ஒவ்வொரு நிறுவனமும் கம்பி வரிசையை ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறது.

பிறகு டார்க் லைப்ரரி, அதாவது சென்சாரின் இரைச்சலைக் கழிக்க உதவும் இருட்டுப் படங்களின் தொகுப்பு. முன்மூடியைப் போட்டு, மேலே ஒரு கறுப்புத் துணியும் சுற்றி, 1 முதல் 5 விநாடி வரையான எக்ஸ்போஷர்களில் இருட்டுப் படங்கள் எடுக்கச் சொல்லுங்கள். குளிரூட்டி இல்லாத சென்சாரில் ஏறத்தாழ 6 டிகிரி சூடு ஏறினால் இருட்டு இரைச்சல் இரட்டிப்பாகும். சித்திரை மாதத்து இரவில் வெள்ளைப் புள்ளிகள் கொத்துக்கொத்தாக வரும். அவற்றில் ஒன்றை மென்பொருள் நட்சத்திரம் என்று பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது. தையில் எடுத்த டார்க்கைச் சித்திரைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது கேலிபரேஷன். மென்பொருள் மவுண்டை நான்கு திசையிலும் தட்டிப்பார்த்து, எந்தத் தட்டுக்கு நட்சத்திரம் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று கற்றுக்கொள்ளும் கட்டம். வான நடுவரைக்கும் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) உச்சிக்கோட்டுக்கும் (வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே போகும் கோடு) அருகில் இதைச் செய்யச் சொல்வார்கள். அந்தச் சந்திப்பு நமக்குத் தெற்கே 80 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு நேரே இருக்கிறது. காற்று மிகக் குறைவாகக் குறுக்கிடும் இடம். முற்றத்துக்காரருக்கு இங்கேயும் அதிர்ஷ்டம். ஒவ்வொரு திசையிலும் 8-க்குக் குறையாமல் அடிகள் வந்தால் நல்லது, 12 கிட்ட வந்தால் இன்னும் நல்லது.

கேலிபரேஷன் முடிந்ததும் கைடிங் அசிஸ்டன்ட்டை ஓடவிடுங்கள். சில நிமிடம் மவுண்டைத் தொடாமல் வேடிக்கை பார்த்துவிட்டு, எவ்வளவு சின்ன அசைவை அலட்சியம் செய்யலாம், டெக் அச்சின் (வடக்கு-தெற்காகத் திருப்பும் அச்சு) கியரில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று சொல்லும். சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷர் 2 விநாடி. பல நட்சத்திரங்களைச் சேர்த்துக் கணக்கிடும் வசதியை இயக்குங்கள், ஃபைண்டரின் அகலமான காட்சிக்கு அது பொருத்தம். கிழக்குப் பக்கம் எடை ஒரு நூல் கூடுதலாக இருக்கும்படி சமன் செய்தால் கியர் பற்கள் எப்போதும் ஒட்டியே இருக்கும்.

புதியவர்கள் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து எண்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோடு துள்ளினால் உடனே திருத்தத்தின் கடுமையைக் கூட்டுவார்கள், இன்னும் துள்ளும். காற்றின் நடுக்கத்தை மவுண்டால் துரத்திப் பிடிக்க முடியாது. மொத்த ஆர்எம்எஸ், அதாவது விலகலின் சராசரி அளவு, உங்கள் படக் கேமராவின் ஒரு பிக்சல் அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

ஸ்டார் அட்வென்ச்சரர் போன்ற, டெக் மோட்டார் இல்லாத சின்ன டிராக்கர் வைத்திருந்தால் ஆர்.ஏ. அச்சில் (கிழக்கு-மேற்காகத் திருப்புவது) மட்டுமே கைடிங் நடக்கும். டெக் கைடிங்கை அணைத்துவிடுங்கள், துருவச் சீரமைப்பில் கூடுதல் கவனம் வையுங்கள்.

பனி

மார்கழி, தையில் விடியும் முன் வில்லையில் ஈரம் படியும். கைடு நட்சத்திரம் மெல்ல மங்கி, பிறகு காணாமல் போனால் முதலில் டார்ச் அடித்து வில்லையைப் பாருங்கள். கறுப்பு ஃபோம் அட்டையைச் சுருட்டி 75 மி.மீ. நீளத்துக்கு முன்னால் ஒரு குல்லாய் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குச் சூடு. 220 ஓம், 1 வாட் ரெசிஸ்டர்கள் ஆறை பாரலலாக இணைத்து, வில்லைக் கூட்டைச் சுற்றிக் கட்டி 12 வோல்ட் கொடுத்தால் 4 வாட் கிட்டச் சூடு வரும். கம்பி முனைகள் ஒன்றையொன்றும் குழாயையும் தொடாமல் ஸ்லீவ் போட்டுவிடுங்கள். ஃப்யூஸ் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவைப் பிடிக்கும் சோதனை

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒருநாள் இந்தச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். உச்சியில் செய்தால் ஏமாற்றும், குழாய் நிமிர்ந்து நிற்கையில் பிடிமானத்தின் குறை வெளியே வராது. சித்திரையில் நள்ளிரவு வாக்கில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே 32 டிகிரி உயரத்துக்கு வரும். இதற்கு அதைவிட நல்ல இலக்கு இல்லை. முற்றத்தை விட்டுக் கண்மாய்க் கரைக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம், 5 நிமிடப் படங்களாக எடுத்து, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவு, படத்துக்குப் படம் சீராக நகர்ந்திருந்தால் அது பிடிமானத்தின் அசைவு. ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழன்ற மாதிரி இருந்தால் துருவச் சீரமைப்பில் குறை. ஒழுங்கே இல்லாமல் இங்கும் அங்கும் என்றால் காற்று, அல்லது கேபிள் இழுப்பு. முதல் வகைக்கு: வளையத் திருகுகள், அடாப்டர் திருகுகள், முன்வில்லைப் பூட்டு, ஷூ என்ற வரிசையில் ஒவ்வொன்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு படம் எடுத்து ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் எது ஆடியது என்று தெரியாமலே போகும். கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் தொலைநோக்கியில் இத்தனைக்குப் பிறகும் நகர்வு நிற்கவில்லை என்றால் பெரிய கண்ணாடியே அதன் கூட்டில் சற்று நழுவுகிறது, ஃபைண்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. அப்போது 5 நிமிடத்தை 2 நிமிடமாகக் குறைத்து, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.